ஜீப்புக்கு ஹைஹீல்ஸ்!

நம்ம ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். சொந்த ஊர் நாமக்கல். "பெயரைப் போட்டுடாதே, மானம் போயிடும்" என்று கேட்டுக்கொண்டதால் 'நம்மாளு' என்றே வைத்துக்கொள்வோம்.

நம்மாளுக்கு ஒரு ஜீப் உண்டு. 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. பெஜோ டிசைனில் வந்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின், நாலு வீல் டிரைவ், ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து நிற்கும். மனைவி நகை வாங்கச் சொல்லி வைத்திருந்த பணத்தில் வாங்கியது. (அந்தப் பஞ்சாயத்து தனிக் கட்டுரைக்கு ஆகும். இங்கே வேண்டாம்.)

வாங்கி ஆறு மாசம் சும்மா ஓட்டினார். ஏழாவது மாசம் ஆசை வந்தது. யூ டியூபில் ஏதோ வெளிநாட்டு ஜீப் பாறை மேல் பல்லி மாதிரி ஏறுவதைப் பார்த்துவிட்டார். மறுநாள் லஞ்ச் டயத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே அறிவித்தார்: "வண்டியைத் தூக்கப் போறேன்!"

"எங்கே, அடகுக் கடைக்கா?"

"யோவ், சஸ்பென்ஷன் லிஃப்ட்யா! மூணு அங்குலம் உயர்த்தினா கொல்லிமலைக் காட்டுப் பாதையில எந்தக் கல்லும் அடியில தட்டாது."

இங்கேயே முதல் ஓட்டை. அப்போது எனக்கும் தெரியவில்லை.

ஜீப்பில் காயில் ஸ்பிரிங் கிடையாது. நம்ம லாரி, மாட்டு வண்டி பரம்பரைதான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வில் பட்டைகள். ஒரு முனை சேஸியில் பிடித்திருக்கும். இன்னொரு முனை 'ஷாக்கிள்' என்கிற சின்னத் தொங்கட்டானில் ஆடும். மேட்டில் ஏறி அமுங்கும்போது பட்டை நீளும் இல்லையா, அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள். வண்டியை உயர்த்த இருப்பதிலேயே மலிவான வழி, இந்த ஷாக்கிளைக் கழற்றிவிட்டு நீளமானதை மாட்டுவது. நாலு மூலை, எட்டு இரும்புத் துண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடிந்தது வேலை.

நம்மாளு அதைத்தான் செய்தார். ஒரு கடையில் மூன்று அங்குலம் நீளமான ஷாக்கிள் வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ராஜா மாதிரி வீடு திரும்பினார். வாசலில் மாமியார். வழக்கமாக ஒரே எட்டில் ஏறுகிறவர், அன்று காலைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார். "மாப்ளே, இது ஜீப்பா, ஒட்டகமா?" என்றார். உள்ளே போய் ஒரு முக்காலி வந்தது.

சிரிப்பெல்லாம் அன்று ராத்திரியோடு சரி.

மறுநாள் திருச்சி ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகம். சாலையில் ஒரு சின்ன மேடு. முன் சக்கரம் இரண்டும் 'தடதட'வென்று இடமும் வலமும் ஆட ஆரம்பித்தன. ஸ்டீரிங் கையை உதறித் தள்ளுகிறது. எதிரே பஸ். பிரேக்கை மிதித்து, வண்டி ஏறக்குறைய நின்ற பிறகுதான் ஆட்டம் அடங்கியது. பின் சீட்டில் நாலு வயசுப் பையன், "அப்பா, இன்னொரு தடவை!" என்றானாம். நம்மாளு சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனோம். நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சமில்லை. எனவே பட்டை வேலைக்கும் ஆளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு பாய். அறுபது வயசிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், ஒரு பீடி பற்ற வைத்தார்.

"யார் சார் இந்த வேலை பார்த்தது?"

நம்மாளு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பாய் ஒரு பலகையை எடுத்துத் தரையில் போட்டார். ஒரு முனைக்கு அடியில் மூன்று அங்குலக் கட்டையை வைத்தார். "நடுவுல எவ்வளவு ஏறியிருக்கு, அளந்து பாருங்க." ஒன்றரை! அச்சு உட்கார்ந்திருப்பது பட்டையின் நடுவில். ஆக, ஷாக்கிள் மூன்று அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது அதில் பாதிதான். நம்மாளு முகம் பாதியாகச் சுருங்கியது.

"அது போகட்டும். பலகை இப்ப சாஞ்சிருக்கா? உங்க முன் அச்சும் இப்படித்தான் சாஞ்சிருக்கு."

விஷயம் அதில்தான். சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கவனியுங்கள். நேர்க்குத்தாக இருக்காது. மேல் பக்கம் நம்மை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது. ஜீப்பின் முன் சக்கரத்திலும் அதே சாய்வு உண்டு. 'காஸ்டர்' என்பார்கள். கம்பெனி கொடுத்ததே சில டிகிரிதான். இந்த வண்டியில் முன் ஷாக்கிள் பம்பருக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதை நீட்டினால் பட்டை முன்பக்கமாகச் சரியும், கூடவே அச்சும் சுழலும். மூன்றடிக்குக் கொஞ்சம் அதிகமான பட்டைக்கு மூன்று அங்குலம் என்றால், நாலு டிகிரிக்குப் பக்கமாகக் காலி. இருந்த சாய்வு மொத்தமும் போச்சு! அதோடு தேய்ந்த கிங்பின் பேரிங், ஆடுகிற டை ராடு எண்ட் சேர்ந்தால் திருச்சி ரோட்டு டான்ஸ்தான்.

"ஆப்பு வெச்சுச் சரி பண்ண முடியாதா பாய்?" என்றேன், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

"வெக்கலாம் சார். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு கொடுத்தா சக்கரம் நிமிரும். ஆனா அதே அச்சுல இருக்கிற பினியன் மூக்கு கீழே குனிஞ்சுக்கும். அப்புறம் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணல்ல சுத்தும். இதைச் சரி பண்ணினா அது கெடும்."

பின் ஷாஃப்ட் கதை இன்னும் மோசம். எம்.எம். 540-ன் வீல்பேஸ் 91 அங்குலம்தான். எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் போக, பின் ஷாஃப்ட்டுக்கு மிஞ்சுகிற இடம் கொஞ்சம். இரண்டடி ஷாஃப்ட் என்று வைத்துக்கொண்டால், மூன்று அங்குலம் தூக்கினால் ஏழு டிகிரி கூடுதல் சரிவு. யூ ஜாயின்ட் கிராஸ் அலறும், அதிரும், ஒரு நாள் உதிரும். நீளமான லாரிக்கு இதே மூன்று அங்குலம் பெரிய விஷயமில்லை. குட்டை வண்டிக்குத்தான் இந்தச் சங்கடம்.

பாய் அடுத்துச் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். சேஸிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். அச்சு தன் எடையில் கீழே தொங்கியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் எப்படித் தொங்குமோ, அப்படி. "இப்ப அந்த ஹோஸைத் தொட்டுப் பாருங்க."

சேஸியிலிருந்து அச்சுக்கு வருகிற பிரேக் ஹோஸ். வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. விரலால் தட்டினால் ஸ்வரம் வரும் போலிருந்தது. ஷாக் அப்சார்பரும் கடைசி வரை நீண்டு, அதற்குமேல் இழுக்க முடியாமல் நின்றது.

"இதோட கொல்லிமலை போறதா இருந்தீங்களா?"

அடுத்த ஞாயிறு போவதாகத்தான் இருந்தது. குடும்பத்தோடு. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவது சரி, இறங்கும்போது ஏதோ ஒரு பள்ளத்தில் அந்த ஹோஸ் பிய்ந்திருந்தால் பிரேக் ஆயில் ரோட்டில், கால் வெறும் பெடலில். நம்மாளு அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பாய் டீ சொன்னார்.

இதைவிடத் துணிந்தவர்களும் உண்டு. இந்த ஜீப்பில் பட்டை அச்சுக்கு அடியில் இருக்கிறது. அதை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தால், அச்சுக் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரே தாவாக எகிறும். அச்சில் புதுசாக இருக்கை வைத்து வெல்டிங் அடிக்கணும், ஸ்டீரிங் ராடை மாற்றணும், ஷாஃப்ட்டை மாற்றணும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பட்டை 'எஸ்' மாதிரி முறுக்கிக்கொள்ளும், அதற்கு ஒரு தனி வைத்தியம். பாலைவனப் பந்தயத்துக்குச் சரி. பையனை ஸ்கூலில் விட எதற்கு?

அந்த முதல் ஓட்டைக்கு வருவோம். ஜீப்பின் அடியில் கல் தட்டுவது பெரும்பாலும் எங்கே? அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குண்டில். அது சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை மூன்று அங்குலம் அல்ல, முப்பது அங்குலம் உயர்த்தினாலும் அந்தக் குண்டு ஒரு நூல்கூட உயராது! அது உயர வேண்டுமானால் பெரிய டயர் போடணும். அதிலும் டயர் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் குண்டு ஏறுவது ஒன்று. கூடவே ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். 28 அங்குல டயர் 30 ஆனால், முள் 60 காட்டும்போது வண்டி 64-ல் போகும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, சொந்தக்காரருக்கு மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்.சி. புதுப்பிக்கணும். அப்போது இன்ஸ்பெக்டர் முன்னால் இந்த ஒட்டகத்தை நிறுத்தணும். ஆக்ஸிடென்ட் ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா பாய்?" நம்மாளு குரல் கிட்டத்தட்ட அழுகை.

பாய் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்தார். நீள ஷாக்கிளின் கணக்கைக் கழித்துப் பார்த்தால், டிரைவர் பக்கம் இடப்பக்கத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்வு. "முப்பது வருஷமா ஆள் உக்கார்ந்து உக்கார்ந்து பட்டை படுத்திருச்சு சார். உங்க வண்டிக்கு உயரம் போதலைங்கறது நிஜந்தான். ஆனா அது கம்பெனி கொடுத்து நீங்க தொலைச்ச உயரம். அதை மீட்டுத் தர்றேன்."

இரண்டு நாள் வேலை. முதல் நாள் ராத்திரியே யூ போல்ட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டார். காலையில் சேஸிக்கு ஸ்டாண்ட் கொடுத்து, அச்சைத் தனி ஜாக்கியில் தாங்கி, கட்டுகளை இறக்கினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பட்டை விரிசல் விட்டிருந்தது. அதற்குப் புதுசு. மற்றதை உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடு காட்டினார். "பச்சையா அடிச்சு வளைச்சா ஆறு மாசத்துல திரும்பப் படுத்துக்கும்" என்றார். (தெற்குச் சீமையில் அரிவாள் அடிப்பதற்கு இதே பழைய பட்டையைத் தேடி வாங்குவார்கள். அவ்வளவு நல்ல எஃகு.)

பழைய ஷாக்கிள் திரும்ப ஏறியது. புது ரப்பர் புஷ், புது கிங்பின் பேரிங், புது பிரேக் ஹோஸ். யூ போல்ட்டும் புதுசு. ஒரு தடவை இறுக்கினது இழுபட்டிருக்கும், திரும்பப் போடக்கூடாது என்றார். ஷாக்கிள் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் இறங்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். "சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தரம் இறுக்கணும்."

அளந்தோம். முதன்முதலில் வாங்கியபோது எடுத்த அளவைவிட முன்னால் ஒன்றரை, பின்னால் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் கூடுதல். ஆப்பு இல்லை, வெல்டிங் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. ஒரு செட் ஷாக்கிள் காசு தண்டம்.

திருச்சி ரோட்டில் அதே மேட்டில் அறுபதில் விட்டுப் பார்த்தார். ஸ்டீரிங் அசையவில்லை. பையனுக்குத்தான் ஏமாற்றம்.

கொல்லிமலைக்கு நானும் போனேன். எழுபது வளைவும் ஏறி, இறங்கி வந்தோம். காட்டுப் பாதையில் ஒரு கல் 'டங்'கென்று டிஃபரன்ஷியலில் தட்டியது. நம்மாளு என்னைப் பார்த்தார். "தட்டத்தான் செய்யும்" என்றார், பாய் குரலிலேயே.

முக்காலி இன்னும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இப்போது தேவையில்லை என்று எடுக்கப் போனவரை மாமியார் தடுத்துவிட்டார். வழியில் டீ குடிக்க இறங்கினால் உட்கார வசதியாக இருக்கிறதாம்.