நகல் தடுப்பு மென்பொருள்களைப் பேணுதல்

நகல் தடுப்பு மென்பொருள்களைப் பேணுதல் என்பது, படியெடுக்க இயலாதவாறு பூட்டி விற்கப்பட்ட கணினி மென்பொருள்களை, அவற்றை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் இயங்கும் நிலையில் வைத்திருப்பதைக் குறிக்கும். பதிப்பகம் மூடப்பட்டாலும் அது வெளியிட்ட நூலைப் படிக்க முடியும். ஆனால் இத்தகைய மென்பொருள், பழுதான வட்டை மாற்றித் தரவும் அனுமதியைப் புதுப்பிக்கவும் நிறுவனம் என்றும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் வடிவமைக்கப்பட்டதாகும். நிறுவனம் மறைந்தால், உரிய விலை கொடுத்து வாங்கியவரும் அதனைப் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

தடுப்பு முறைகள்

1980களில் நெகிழ்வட்டுகளில் (பிளாப்பி) வழக்கத்துக்கு மாறான அமைப்பில் தரவுகள் எழுதப்பட்டன. சில பகுதிகள் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டன. சாதாரணப் படியெடுப்பு நிரல்களால் இவற்றை அவ்வாறே மீண்டும் எழுத இயலாது. மென்பொருள் தொடங்கும்போது இவ்வடையாளத்தைத் தேடும்; காணாவிடில் இயங்காது.

விலை உயர்ந்த மென்பொருள்கள் சிலவற்றுக்கு, கணினியின் பின்புறம் செருகப்படும் டாங்கிள் என்னும் சிறு வன்பொருட் பூட்டு வழங்கப்பட்டது. பின்னர் இணையவழி அனுமதி முறை பரவியது. இதில் நிறுவனத்தின் வழங்கி (சர்வர்) நிறுத்தப்பட்டால், மென்பொருளை வேறு கணினியில் நிறுவ முடியாது.

விசிகால்க்

டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய விசிகால்க், 1979இல் ஆப்பிள் II கணினிக்காக வெளிவந்த விரிதாள் மென்பொருளாகும். இவர்களது சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் உடைமைகளை 1985இல் லோட்டஸ் நிறுவனம் வாங்கியது. விசிகால்க் விற்பனை நின்றது. பிற்காலத்தில், 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினிப் பதிப்பை லோட்டசின் அனுமதியுடன் பிரிக்லின் தமது இணையத்தளத்தில் வெளியிட்டார். அதன் அளவு ஏறத்தாழ 27 கிலோபைட்டு மட்டுமே. விற்பனைக்கு வந்த வட்டுகள் நகல் தடுப்பு உடையவை. ஊழியர் ஒருவர் வைத்திருந்த, தடுப்பு இல்லாத சோதனைப் பிரதியே இவ்வெளியீட்டுக்கு உதவியது.

பேணும் வழிகள்

* நிறுவனமே தடுப்பை நீக்கிய பதிப்பை வெளியிடுதல். அடோபி நிறுவனம் சிஎஸ்2 தொகுப்புக்கான அனுமதி வழங்கிகளை நிறுத்தியபோது, அனுமதி தேவைப்படாத பதிப்பை 2013இல் அதன் பயனர்களுக்கு அளித்தது.
* மூல நிரலை மூன்றாம் தரப்பு ஒன்றிடம் ஒப்படைத்து, நிறுவனம் மூடப்பட்டால் வாடிக்கையாளருக்குக் கிடைக்குமாறு ஒப்பந்தம் செய்தல்.
* வட்டின் காந்தப் பதிவுகளை அவ்வாறே பதிந்து, பழைய கணினியைப் போலச் செயற்படும் எமுலேட்டரில் இயக்குதல்.
* நிரலை ஆராய்ந்து தடுப்புச் சோதனையை நீக்குதல்.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில், 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், அணுகலைக் கட்டுப்படுத்தும் தடுப்புகளை உடைப்பதைத் தடை செய்கிறது. எனினும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் அறிவிக்கப்படுகின்றன. 2003இல், பழுதடைந்து மாற்றுக் கிடைக்காத டாங்கிள்களுக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேண்டுகோளின்படி, வழக்கொழிந்த வடிவங்களில் வெளியான மென்பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2018இல் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவை விற்பனையில் இல்லாத மென்பொருள்களைப் பேணுவதற்கு விலக்குக் கிடைத்தது.

தடுப்பை நீக்க அனுமதி கிடைத்தாலும், பிரதிகளைப் பொதுமக்களுக்கு வழங்கும் உரிமை அதனால் கிடைப்பதில்லை. நிறுவனம் மூடப்பட்டாலும் பதிப்புரிமை அழிவதில்லை. அது வேறொருவர் கைக்கு மாறுகிறது. நிறுவனங்களுக்காக உருவாக்கப்படும் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பொதுவாக வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. நெகிழ்வட்டின் காந்தப் பதிவுகள் அதற்கு நெடுங்காலம் முன்பே சிதையத் தொடங்குகின்றன. எனவே, உரிமைக் காலம் முடியும்வரை காத்திருந்து படியெடுப்பது பெரும்பாலான பழைய வட்டுகளுக்குப் பொருந்தாது.