தாமிரக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள ஆனேக்கல் போன்ற ஊர்களில், வீட்டுத் தொலைபேசிகள் தாமிரக் கம்பியை விட்டு ஒளியிழைக்கு மாறி வருகின்றன. பழைய எண்ணையும் கருவியையும் பெரும்பாலும் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆயினும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு.

தாமிரக் கம்பி குரலை மட்டுமன்றி, தொலைபேசி நிலையத்து மின்கல அடுக்கிலிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரத்தையும் வீட்டிற்குக் கொணர்ந்தது. ஊரில் விளக்குகள் அணைந்த வேளையிலும் தொலைபேசி இயங்கியதற்கு இதுவே காரணம்.

புதிய முறையில் குரல் பொதுவாக வினாடிக்கு 8,000 முறை அளவிடப்பட்டு எண்களாக்கப்படுகிறது. அவ்வெண்கள் இணைய முறைப்படி சிறு கட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒளித்துடிப்புகளாகச் செல்கின்றன. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, ஒளித்துடிப்பை ஏற்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரமே ஆதாரம். அது நின்றால் 112 என்னும் அவசர எண்ணையும் அத்தொலைபேசியில் அழைக்க இயலாது.

எனவே, முதியோரும் நோயாளிகளும் உள்ள இல்லங்களில் அப்பெட்டிக்கு ஏற்ற வோல்ட், ஆம்பியர் அளவுள்ள சிறிய யு.பி.எஸ். ஒன்றை இணைத்தல் வேண்டும். பின்னர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒருவரை அழைத்துப் பார்த்தல் எளிய சோதனையாகும். களப்பணியாளர் இதனை வீடுகளிலும், ஆசிரியர் பள்ளியிலும் செய்து காட்டலாம்.