12,000 ரூபாய் கேமரா மானிட்டர்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, தேவையே இல்லையா?

திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் சரவணம்பட்டியிலயோ பீளமேட்டுலயோ வேலை, சனி ஞாயிறு ஆனா கேமராவைத் தூக்கிட்டு பொள்ளாச்சி, பேரூர், வால்பாறைன்னு கிளம்புற கூட்டம் நம்ம ஊர்ல பெருசாயிட்டே இருக்குங்க. திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருந்துட்டே சமையல் சேனல் நடத்துறவங்களும் இருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா கேமரா வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள அடுத்த பொருள் கார்ட்ல ஏறி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது கேமரா மேல மாட்டுற 5 இன்ச், 5.5 இன்ச் மானிட்டர்.

மாசம் 28,000 கைக்கு வர்ற ஒருத்தருக்கு 12,000 ரூபாய்ங்கிறது சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அதனால அது என்ன வேலை செய்யும், என்ன செய்யாது, உண்மையில எவ்வளவு செலவாகும்னு வரிசையா பார்த்துடலாம்.

முதல்ல ஒரு தெளிவு: இது படத்தோட தரத்தைக் கூட்டாது

கேமராவுல எச்.டி.எம்.ஐ வழியா வெளிய வர்ற படத்தை மானிட்டர் பெருசாக் காட்டும். அவ்வளவுதான். சாதாரண மானிட்டர் எதையும் ரெக்கார்டு பண்ணாது, மெமரி கார்டுல ஏறுற ஃபைல் அதேதான். ரெக்கார்டு பண்ற மானிட்டர்னு தனியா ஒரு வகை இருக்கு, அதோட விலையும் தனி ரகம்.

அப்புறம் எதுக்குக் காசு கொடுக்கிறோம்? எடுக்கும்போதே தப்பைக் கண்டுபிடிக்க. கேமராவோட 3 இன்ச் திரையில ஷார்ப்பா தெரிஞ்ச முகம், வீட்டுக்கு வந்து லேப்டாப்ல பார்த்தா மங்கலா இருக்கும். ஃபோகஸ் முகத்துல இல்லாம பின்னாடி இருக்கிற தென்னை மரத்துல போய் நின்னிருக்கும். 5.5 இன்ச் திரை 3 இன்ச்சை விட பரப்பளவுல சுமார் மூணு மடங்கு. அந்தத் தப்பு ஸ்பாட்லயே கண்ணுல படும்.

சினிமாவுலயே இந்த வசதி ரொம்ப நாள் கிடையாதுங்க. நம்ம சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோ, 1954-ல் 'மலைக்கள்ளன்' எடுத்த பட்சிராஜா ஸ்டூடியோ காலத்துல, ஃபிரேம்ல என்ன விழுதுன்னு பார்க்க முடிஞ்சது கேமராக்குள்ள கண்ணை வச்சவருக்கு மட்டும்தான். ஷாட் சரியா வந்துச்சான்னு ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்த்தப்புறம்தான் தெரியும். அமெரிக்காவுல ஜெர்ரி லூயிஸ் தானே நடிச்சு தானே இயக்கின 'தி பெல்பாய்' (1960) படத்துக்கு, ஃபிலிம் கேமரா பக்கத்துலயே ஒரு வீடியோ கேமராவை வச்சு மானிட்டர்ல பார்த்துக்கிட்டார். நடிக்கிறவரும் அவரே, பார்க்க வேண்டியவரும் அவரே. தனியா சேனல் நடத்துற உங்க பிரச்சினையும் அதேதானே?

யாருக்குத் தேவையில்லை?

- போன்ல ஷூட் பண்றவங்களுக்கு. உங்க திரையே 6 இன்ச் இருக்கு.
- சோனி இசட்.வி-இ10 மாதிரி திரையை முன்பக்கம் திருப்பிப் பார்க்கிற கேமரா வச்சிருந்து, ஒரே இடத்துல உட்கார்ந்து பேசுறவங்களுக்கு. முகத்தைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோ ஃபோகஸும் ஆன்ல இருந்தா மானிட்டருக்குப் பெருசா வேலை இல்லை.
- வீட்டுக்குள்ளயே எடுக்கிறவங்களுக்கு. உங்க டி.வி.யிலயே எச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கும். 3 மீட்டர் கேபிள் ஒண்ணு வாங்கி கேமராவை டி.வி.யோட இணைச்சுப் பாருங்க. சில நூறு ரூபாய்ல 32 இன்ச் மானிட்டர் ரெடி.

யாருக்கு உதவும்?

- கேனான் 1500டி மாதிரி திரை அசையாத கேமரா வச்சுக்கிட்டு, தானே முன்னாடி நின்னு பேசுறவங்களுக்கு.
- மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் பயன்படுத்துறவங்களுக்கு.
- ஒருத்தர் கேமரா பிடிக்க, இன்னொருத்தர் ஃபிரேம் பார்த்துச் சொல்ற ரெண்டு பேர் டீமுக்கு.
- மதிய வெயில்ல தோட்டம், சந்தைன்னு எடுக்கிறவங்களுக்கு. ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு, அடுத்து சொல்றேன்.

ஸ்பெக்ல பார்க்க வேண்டிய அஞ்சு விஷயம்

1. நிட்ஸ். திரையோட வெளிச்ச அளவு இது. விலை குறைஞ்ச மானிட்டர்ல பொதுவா 450, 500 நிட்ஸ் இருக்கும். வீட்டுக்குள்ளயும் மரநிழல்லயும் போதும். சித்திரை மாச வெயில்ல ஈரோடு பக்கம் நின்னா, அது உங்க முகத்தைக் காட்டுற கண்ணாடியாத்தான் இருக்கும். வெளிய எடுக்கிறதுதான் முக்கிய வேலைன்னா 1,000 நிட்ஸுக்கு மேல பாருங்க. பட்ஜெட் இடிச்சா, நிழல் கொடுக்கிற சன் ஹூட் கூடவே வருதான்னாவது உறுதி பண்ணிக்குங்க.

2. பீக்கிங், ஜீப்ரா, ஹிஸ்டோகிராம். காசு கொடுக்கிறதே இதுக்குத்தான். ஃபோகஸ் எங்க இருக்கோ அந்த ஓரங்கள்ல கலர் கோடு போட்டுக் காட்டுறது பீக்கிங். வெளிச்சம் அளவு மீறுற இடத்துல வரி வரியாக் காட்டுறது ஜீப்ரா. வெயில்ல வெள்ளை வேட்டி கட்டினவரை எடுக்கும்போது ஜீப்ராவை 100 கிட்ட வச்சுக்குங்க. வேட்டி முழுக்க வரி ஓடினா, மடிப்பு எதுவும் தெரியாம வெறும் வெள்ளையாப் பதிவாகுதுன்னு அர்த்தம். எடிட்டிங்ல அதை மீட்க முடியாது. எக்ஸ்போஷரைக் குறைக்கணும். இதுல ஒரு சூட்சுமம்: உங்க கேமரா மெனுவுலயே பீக்கிங்கும் ஜீப்ராவும் இருக்கலாம். முதல்ல அங்க தேடுங்க, அது இலவசம்.

விலை குறைஞ்ச திரையோட கலரை மட்டும் நம்பாதீங்க. மஞ்சள் மூட்டை அதுல ஆரஞ்சாத் தெரியலாம், ஃபைல்ல சரியா இருக்கலாம். திரையைப் பார்த்து கலரை மாத்தினா நல்ல ஃபைலும் கெட்டுப்போகும். வெளிச்சத்துக்கு ஹிஸ்டோகிராம், ஃபோகஸுக்கு பீக்கிங். இந்த ரெண்டையும் நம்பலாம்.

3. கேபிள். கேமரா பக்கம் எச்.டி.எம்.ஐ ஓட்டை மூணு அளவுல வரும்: முழு சைஸ், மினி, மைக்ரோ. சோனி இசட்.வி-இ10, நிக்கான் இசட்30 எல்லாம் மைக்ரோ. கேனான் 1500டி, 200டி மினி. மாத்தி வாங்கினா ஒரு சனிக்கிழமை போச்சு. மைக்ரோ ஓட்டை ரொம்ப மென்மையானது. கேபிள் தொங்கி இழுத்தா உடையுறது கேமராவோட போர்டுல இருக்கிற ஓட்டை. அதனால நீளம் குறைஞ்ச, வளையுற கேபிளா வாங்கி, கேபிளைப் பிடிச்சு வைக்க ஒரு கிளாம்ப் போடுங்க.

4. பேட்டரி. பல மானிட்டர்கள் பேட்டரி இல்லாமத்தான் வரும். சோனி என்.பி-எஃப் வகை பேட்டரி தனியா வாங்கணும். கணக்கு சுலபம்: என்.பி-எஃப்550ங்கிறது 7.2 வோல்ட், சுமார் 2,200 எம்.ஏ.எச். ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 16 வாட்-அவர். மானிட்டர் 8 வாட் எடுத்தா சுமார் 2 மணி நேரம் ஓடும். பெரிய எஃப்970 அதைப்போல மூணு மடங்கு ஓடும், எடையும் அதுக்கேத்த மாதிரி கூடும்.

5. உங்க கேமராவோட குணம். சில கேமராவுல எச்.டி.எம்.ஐ சொருகினதும் சொந்தத் திரை அணைஞ்சிடும். சில பழைய மாடல்ல 4கே எடுக்கும்போது முகம் தேடுற ஃபோகஸ் வேலை செய்யாது. வாங்குறதுக்கு முன்னாடி டி.வி.யில சொருகிப் பார்த்தா இது ரெண்டும் அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இனி நம்ம ஏரியா: கணக்கு

கணக்குக்காக மானிட்டர் 12,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பேட்டரியும் சார்ஜரும் 2,000. கேபிள், மேல மாட்டுற டில்ட் மவுன்ட், கிளாம்ப் சேர்த்து 1,500. ஆக 15,500. பெட்டி மேல போட்ட விலையை விட 29 சதவீதம் அதிகம். பட்ஜெட்ல எழுத வேண்டிய எண் இதுதான்.

அடுத்து வாடகை. கல்யாண சீசனுக்காகவே கோவை, திருப்பூர், ஈரோட்டுல கேமரா சாமான் வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. உங்களுக்கு ஒரு நாள் வாடகை 400 ரூபாய்னு சொல்றாங்கன்னு வைங்க. 15,500-ஐ 400-ஆல் வகுத்தா 39 நாள். மாசம் ரெண்டு நாள்தான் ஷூட் போறீங்கன்னா, போட்ட காசு எடுக்க ஒரு வருஷம் ஏழு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள கேமராவையே மாத்தியிருப்பீங்களான்னு யோசிச்சுக்குங்க. மாசம் ஆறு நாள்னா ஏழே மாசம், வாங்கிடலாம்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ இருக்கேங்க"ன்னு கேட்பீங்க. பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சுற்றறிக்கை விட்டாச்சு. நடக்கிறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துட்டு, அதை வங்கி வட்டியா வாங்கிக்கும். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி உங்க தலையில விழும். 12,000 ரூபாய்க்கு 6 மாசம், 16% வட்டின்னா வட்டி சுமார் 540, அதுக்கு ஜி.எஸ்.டி 97. பிராசஸிங் கட்டணம் 199-ம் அதோட ஜி.எஸ்.டி.யும் சேர்த்தா 235. மொத்தம் 330 ரூபாய் சொச்சம் கூடுதல். தொகை சின்னதுதான். ஆனா மொத்தமா கட்டினா கிடைச்சிருக்கிற தள்ளுபடி போச்சான்னும் பாருங்க. அதைவிடப் பெரிய விஷயம், வருமானமே வராத ஒரு வேலைக்கு ஆறு மாசம் சம்பளம் முன்கூட்டியே போயிடுது.

வருமானம் எப்ப வரும்? யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேணும், கூடவே 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை வேணும். அதுக்கப்புறமும் ஆட்சென்ஸ்ல 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் வங்கிக்கு வரும். அது வரைக்கும் வாங்குற ஒவ்வொரு பொருளும் உங்க சம்பளத்துலதான். அதனால அவசரகால நிதி மூணு மாசச் செலவுக்காவது சேராம இதுல கை வைக்காதீங்க. சேர்ந்தாச்சுன்னா, மாசம் 2,000 ஆர்.டி போடுங்க. எட்டு மாசத்துல 16,000 கையில இருக்கும். அந்த எட்டு மாசமும் வீடியோ போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா, மானிட்டர் உண்மையிலேயே வேணுமான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

வாங்கினா ஜி.எஸ்.டி பில் கட்டாயம் வாங்கி வைங்க. நாளைக்கு சேனல்ல வருமானம் வந்தா, அது சம்பளத்தோட சேராது, தொழில் வருமானம். ஐ.டி.ஆர்-1 போதாது, ஐ.டி.ஆர்-3 அல்லது 4-க்குப் போகணும். பில் இருந்தாத்தான் தேய்மானம் பத்தி ஆடிட்டர்கிட்ட பேசவே முடியும். கம்பெனி ஆஃபர் லெட்டர்ல பக்க வருமானம் பத்தி என்ன போட்டிருக்குன்னும் ஒரு தடவை படிச்சிடுங்க.

முடிவு எடுக்க ஒரு வழி

உங்க கடைசி 10 ஷூட்டை எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணுலயும் வீணாப்போன காட்சிக்கு எதிர்ல காரணத்தை எழுதுங்க: ஃபோகஸ், வெளிச்சம், ஃபிரேம், சத்தம், பேச்சு. முதல் மூணுதான் மானிட்டர் தீர்க்கிற நோய். அதுல நாலு, அஞ்சு ஷூட் வீணாகியிருந்தா முதல்ல ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க, குறைஞ்சா வாங்குங்க. சத்தம்தான் காரணம்னா அந்தக் காசுல ஒரு நல்ல காலர் மைக்கே வாங்கிட்டு மீதியும் வைக்கலாம். பேச்சுதான் காரணம்னா கடையில விக்கிற எதுவும் உதவாதுங்க, இன்னும் பத்து வீடியோ எடுத்தாத்தான் சரியாகும்.