வழக்கமும் மரபும் பண்பாடும்

வழக்கம், மரபு, பண்பாடு என்பவற்றை ஒருபொருட் சொற்களாகவே பலர் ஆளுகின்றனர். இவற்றின் வேற்றுமையை யாழ்ப்பாணத்துத் தேசவழமை நன்கு புலப்படுத்தும்.

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்து ஆண்டது மக்களின் வழக்கம். முன்னோர் முறையென மதித்துத் தலைமுறைதோறும் கையளித்தமையால் அது மரபாயிற்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் ஆராய்ந்து உடன்பட்டனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். வாய்வழி வழக்கம் காலத்தோடு தானே நெகிழும்; ஏட்டிலேறியதோ எளிதில் நெகிழாது.

பண்பாடு இவ்விரண்டின் வேறானது. வந்த மரபு நேரியதுதானா என எடைபோடும் மனப்பக்குவம் அது. மகளுக்குக் காணியைச் சீதனமாக ஈந்தது தேசவழமை. மணமானபின் அக்காணியை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது. உறுதி அவள் பெயரில். ஒப்புதலோ அவன் கையில்!