பெர்ரெட் வளர்க்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

முயல் வளைகளில் புகுந்து முயல்களை வெளியே துரத்தும் பொருட்டு ஐரோப்பியக் குடியானவர்கள் நெடுங்காலமாய்ப் பழக்கி வந்த சிறு பிராணிக்குப் பெர்ரெட் என்று பெயர். பார்வைக்கு நமது கீரியைப் போலிருப்பினும் இது கீரி இனத்தைச் சேர்ந்ததன்று, நீர்நாய்க்கு உறவானது. போல்காட் என்னும் காட்டுப் பிராணியிலிருந்து வந்த வளர்ப்பு ஜாதி. (நம் நாட்டில் கீரியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவர்.) ஸ்பெயின் தேசத்தார் இத்தகைய பிராணிக்கு வாய்க்கூடு இட்டு முயல் வளைகளில் விட்ட செய்தியைக் கிரேக்க ஆசிரியராகிய ஸ்டிராபோ ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்.

1953-ஆம் வருஷம் மிக்ஸமடோஸிஸ் என்னும் நோய் இங்கிலாந்தில் பரவி, முயல்களில் மிகப் பெரும்பாகத்தை மாய்த்தபோது பெர்ரெட்டின் வயல் வேலை குறைந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதனை வீட்டிற்குள் செல்லமாய் வளர்ப்போர் பெருகினர். வளையைக் கண்டவிடத்து நுழையும் குணமே வயலில் இதற்கு மதிப்பைத் தந்தது. வீட்டிற்குள் வந்த பின்பு இதன் உயிருக்கு உலை வைப்பதும் அந்தக் குணமே.

பெர்ரெட்டின் தலை நுழையும் துவாரத்தில் உடலும் நுழைந்துவிடும். ஓர் அங்குல இடைவெளியே அதற்குப் போதும். ஆகையால் வளர்ப்பவர் முதலில் தரையில் படுத்து, பிராணியின் கண்மட்டத்திலிருந்து அறையைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். நின்றபடி பார்ப்பவருக்கு அடுப்பின் பின்புறமும், அலமாரியின் அடியும், குழாய் சுவரில் புகுமிடமும் புலப்படா. அவ்விடங்களைப் பலகையாலோ கம்பி வலையாலோ அடைத்துவிட வேண்டும். துணியைத் திணித்து வைப்பதால் பயனில்லை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விடும்.

இப்பிராணி நாளில் 14 மணி நேரத்திற்கு மேலாகவும் உறங்கும். இருளும் மென்மையும் உள்ள இடத்தைத் தேடிப் படுக்கும். அழுக்குத் துணிக் குவியலில் உறங்கிய பெர்ரெட், துணியோடு சேர்ந்து சலவை இயந்திரத்திற்குள் போய்விடக்கூடும். மெத்தை நாற்காலியின் அடித்துணியைக் கிழித்து உள்ளே ஏறிப் படுப்பதும் உண்டு. முதுகு சாயும்படி மடங்கும் நாற்காலி இன்னும் கொடியது; மனிதர் சாய்ந்த மாத்திரத்தில் அதன் இரும்புச் சட்டம் உள்ளே கிடக்கும் பிராணியை நசுக்கிவிடும். இத்தகைய நாற்காலியைப் பெர்ரெட் உலாவும் அறையில் வைக்காதிருப்பதே உத்தமம்.

அடுத்த அபாயம் ரப்பர். பாதரட்சையின் அடி, அழிக்கும் ரப்பர், குழந்தைகளின் பொம்மை, மெத்தைக்குள்ளிருக்கும் பஞ்சுபோன்ற ரப்பர் ஆகியவற்றைக் கடித்து விழுங்குவதில் இதற்கு, முக்கியமாய் இளம் குட்டிகளுக்கு, விசேஷ ஆசை. விழுங்கிய துண்டு குறுகிய குடலில் அடைத்துக்கொள்ளும். ஆகாரம் மறுத்தல், வாந்தி, பல்லை நறநறவென்று கடித்தல், வாயை முன்காலால் தேய்த்தல், சோர்வு ஆகியவை கண்டால் கைவைத்தியத்தில் பொழுது போக்காமல் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் சத்திர சிகிச்சையே உயிரைக் காக்கும்.

பண்ணை வீடுகளில் எலிப் பாஷாணத்தையும் கவனிக்க வேண்டும். பாஷாணத்தைத் தின்னாவிடினும், அதைத் தின்ற எலியைத் தின்ற பெர்ரெட் சாகலாம். களஞ்சியத்தில் பாஷாணம் வைத்தவர், பிராணியை அப்பக்கம் விடலாகாது.

உஷ்ணத்தை இது சிறிதும் பொறுக்காது. 85 டிகிரி பாரன்ஹீட்டிற்கு மேல் போனால் ஆபத்து. வெயில் படும் கூண்டில் சிறிது நேரத்திலேயே மாண்டுபோகக்கூடும். வாய் திறந்து இளைத்துத் துவண்டு கிடந்தால், நிழலுக்கு எடுத்துச் சென்று உடலையும் பாதங்களையும் குளிர்ந்த ஜலத்தால் நனைத்து வைத்தியரை அணுகுக. பனிக்கட்டி ஜலம் கூடாது.

நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் பெர்ரெட்டைப் பற்றினால் பிழைப்பது அரிது. ஆனபடியால் தடுப்பூசி அவசியம். வீட்டு நாய்க்கும் போட்டிருக்க வேண்டும். மனிதருக்குக் காணும் இன்புளுயன்ஸா ஜுரமும் இதற்குத் தொற்றும். அந்நோய்க் கிருமியை 1933-இல் லண்டனில் ஆராய்ச்சியாளர்கள் பிரித்தறிந்தது பெர்ரெட்டுகளைக் கொண்டே. ஜுரம் கண்டவர் குணமாகும்வரை ஆகாரம் வைக்கும் வேலையைப் பிறரிடம் விடுவது நலம். கைக்குழந்தையுள்ள அறையில் இதைத் தனியே விடலாகாது, கடித்துவிடும்.

வெளியே தப்புவதால் வரும் நஷ்டம் வளர்ப்பவரோடு நிற்பதில்லை. கோழிக்கூட்டில் ஒரு பெர்ரெட் புகுந்தால் பசிக்கு ஒன்றைக் கொன்று விட்டுப் போகாது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். நியூஸிலாந்தில் முயலை ஒழிக்க 1880-ஆம் வருஷங்களில் ஆயிரக்கணக்கில் இவற்றை விடுவித்தனர். முயல் ஒழியவில்லை, கிவி முதலிய பறக்க மாட்டாத பறவைகள் இரையாயின. 2002-ஆம் வருஷம் முதல் அங்கே பெர்ரெட்டை விற்பதும் இனவிருத்தி செய்வதும் தடுக்கப்பட்டன. கலிபோர்னியா, ஹவாய் இரண்டிலும் இதை வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்க அனுமதியில்லை.

காணாமற்போனது தெரிந்தவுடன் முதலில் வீட்டிற்குள்ளேயே துழாவ வேண்டும். அநேகமாய் ஏதாவதொரு இழுப்பறையிலோ போர்வை மடிப்பிலோ அது உறங்கிக்கொண்டிருக்கும். அங்கில்லையெனில், அதன் படுக்கைத் துணியைப் பெட்டியிலிட்டு வாயிற்படியருகே மாலையில் வைத்து, சிறிது மாமிசமும் ஜலமும் அருகே வைப்பது வழக்கம். அண்டை வீட்டாருக்கும் சொல்லியனுப்பி, அவர்களுடைய விறகுக் குவியலையும் வாய்க்கால் மதகையும் பார்க்கச் செய்க.