பளபளக்கும் கார், உள்ளே வெள்ளச் சேறு!

2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம். ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. சரிசெய்யக் கட்டுபடியாகாத கார்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு கொடுத்தன. கார்களை ஏலம் விட்டன.

ஏலம் போகும் கார்கள் என்ன ஆகின்றன? சிலவற்றைப் பிரித்து உதிரி பாகங்களாக விற்பார்கள். சிலவற்றைக் கழுவி, மெருகேற்றி, வெளியூரில் விற்றுவிடுவார்கள். விலை மலிவு!

ஆபத்து பிறகுதான் வரும். ஈரம் பட்ட மின்கம்பி இணைப்புகள் மெல்ல மெல்ல அரித்துப்போகும். பல மாதம் கழித்து நடுரோட்டில் கார் நின்றுவிடலாம். விபத்து நேரத்தில் உயிர் காக்கும் காற்றுப் பை விரியாமல் போகலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, சேற்றுக் கறை உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண், துரு இருக்கிறதா? பழைய இன்சூரன்ஸ் விவரம் கேளுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்!