ஒரு கிலோ கோப்பியை வீட்டில் வறுத்துப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள்

சென்ற மாதம் என் கடைக்கு ஓர் இளம் வியாபாரி வந்தார். புதிதாகப் பலசரக்குக் கடை போட்டிருப்பவர். கையில் ஒரு சிறிய பொலித்தீன் பை இருந்தது.

"நானா, ஒருவர் இந்தக் கோப்பித்தூளைக் கொண்டுவந்து காட்டினார். கொட்டை விற்கிற விலைக்கே தூளைத் தருகிறாராம். நூறு கிலோ எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தம்பி, நீங்கள் எப்போதாவது வீட்டில் கோப்பி வறுத்திருக்கிறீர்களா?" என்றேன்.

சிரித்தார். "உம்மா வறுப்பாங்க. நான் குடித்ததோடு சரி."

"அப்படியானால் இன்றைக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை கொண்டுபோங்கள். நீங்களே வறுத்து, இடித்து, நிறுத்துப் பாருங்கள். அதன் பிறகு நூறு கிலோவைப் பற்றிப் பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்ல நினைக்கிறேன். கோப்பி விற்கிற நம்மில் பலர் ஒரு பிடி கோப்பியைக்கூடச் சொந்தக் கையால் வறுத்ததில்லை. அதனால் வருகிற நட்டம் காசில் மட்டும் முடிவதில்லை.

எங்கள் பொருள்தான்

கோப்பி என்ற சொல்லே 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லில் இருந்து துருக்கி வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்ததுதான். மரம் எத்தியோப்பியாவுக்குரியது. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருகளில் விழித்திருக்க இதைக் குடித்தார்கள். அங்குள்ள மொக்கா துறைமுகத்தின் பெயர் இன்றும் கோப்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நமது நாடும் ஒரு காலத்தில் கோப்பி நாடாகவே இருந்தது. தேயிலைக்கு முன் மலைநாடு முழுவதும் கோப்பித் தோட்டம். 1869இல் இலைத் துரு நோய் இங்கே அறியப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பெருந்தோட்டம் போனாலும் கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காயோடு கோப்பி மரமும் நின்றது. மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் அதைச் சேகரித்து வாங்கிய கடைகளில் எங்கள் வாப்பாவின் கடையும் ஒன்று.

கொட்டையைப் பார்த்து எடுங்கள்

நமது வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் கிடைப்பது ரொபஸ்டா. உயரமான இடங்களில் அரபிக்காவும் உண்டு. அரபிக்கா சற்று நீண்ட கொட்டை, நடுக்கோடு வளைந்திருக்கும், வாசனை கூடியது. ரொபஸ்டா உருண்டை, கசப்புக் கூடியது, கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் மக்களின் நாக்கு பழகியிருப்பது ரொபஸ்டாவுக்குத்தான். ஆகவே அதை மட்டமாக எண்ண வேண்டியதில்லை. சுத்தமாக இருந்தால் போதும்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்க ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். பழுக்காத காயையும் சேர்த்து உருவிக் காயவைத்த கொட்டை வறுக்கும்போது ஒரே நிறமாக வராது. கொட்டையை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாசனை அடித்தால் விட்டுவிடுங்கள். எந்த நெருப்பும் அதை மாற்றாது. பல்லால் கடித்தால் கல் மாதிரி இருக்க வேண்டும். பல் பதிந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். ஈரக் கொட்டையை வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். பிறகு சுளகில் போட்டுப் புடைத்து, கறுப்புக் கொட்டை, பூச்சி துளைத்தது, கல், குச்சி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.

வறுக்கும் விதம்

அடி கனமான இரும்புத் தாச்சி நல்லது. ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். புகையும் உமியும் பறக்கும், ஆகவே வெளி அடுப்பு அல்லது ஜன்னல் திறந்த குசினி. நடுத்தர நெருப்பு. மர அகப்பையால் விடாமல் கிளற வேண்டும். தொலைபேசி அடித்தாலும் கை நிற்கக் கூடாது.

முதலில் பச்சை நிறம் மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும். பிறகு பாண் சுடுகிற மாதிரி வாசனை. நிறம் மண்ணிறமாகும்போது, ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில், 'சட், சட்' என்று கொட்டைகள் வெடிக்கத் தொடங்கும். அப்போது கொட்டையின் சூடு 200 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இந்த வெடிப்பு அடங்கியவுடன் இறக்கினால் இள வறுவல். வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்கள் ஏலம் போட்டுக் குடிக்கிற அரபுக் கஹ்வா இதைவிடவும் இளமையாக வறுத்தது. இன்னும் சில நிமிடம் கிளறினால் இரண்டாவது வெடிப்பு வரும். இது மெல்லிய, நெருக்கமான சத்தம். புகை கூடும், கொட்டையில் எண்ணெய் மினுங்கும். நமது ஊர்க் கறுப்புக் கோப்பிக்கு இந்த இரண்டாவது வெடிப்பின் ஆரம்பமே எல்லை. அதற்குப் பிறகு நீங்கள் விற்கப்போவது கரி.

இறக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நெருப்பை அணைத்துவிட்டுத் தாச்சியிலேயே விட்டால், கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வேகும். உடனே அகலமான தட்டிலோ சுளகிலோ கொட்டி, விசிறி, புடைத்து ஆற விடுங்கள். உமியும் பறந்துவிடும்.

ஆறிய கொட்டையை உடனே காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. வறுத்த கொட்டையிலிருந்து கரியமிலவாயு வெளியேறிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் நான் சூட்டோடு சூடாகப் பொலித்தீன் பையில் ஒட்டி அடுக்கினேன். காலையில் பார்த்தால் பைகள் பலூன் மாதிரி உப்பியிருந்தன, இரண்டு வெடித்தும் விட்டன. ஓர் இரவு போத்தல் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு மறுநாள் இடியுங்கள்.

மில்லில் அரைப்பதானால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய் அரைத்த மில்லில் பின்னால் போனால் உங்கள் கோப்பி காரும். முதலில் ஒரு பிடி அரிசியை ஓடவிட்டுச் சுத்தம் செய்யச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

ஊற்றும் விதம்

தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடுவது நம் வீடுகளில் பழக்கம். அதில் கசப்புத்தான் மிஞ்சும், வாசனை வீட்டுக் கூரைக்குப் போய்விடும். தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, தூளின் மேல் ஊற்றிக் கலக்கி, நான்கு நிமிடம் மூடி வையுங்கள். மண்டி அடியில் இறங்கியதும் துணியில் வடித்தோ, அப்படியே மெதுவாகச் சரித்தோ ஊற்றலாம். அளவு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 முதல் 60 கிராம் தூள். ரொபஸ்டா கடுமையாக இருந்தால் சற்றுக் குறையுங்கள். இஞ்சி, கொத்தமல்லி வேண்டுமானால் அவற்றைத் தண்ணீரோடு கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைத் தூளில் ஊற்றுங்கள்.

அந்த இருநூறு கிராம் எங்கே?

இப்போது வியாபாரக் கணக்குக்கு வருவோம். இன்றைய விலை நாளைக்கு இருப்பதில்லை. ஆகவே கணக்குக்காக ஒரு கிலோ பச்சைக் கொட்டை நூறு ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த கொட்டையிலும் பத்து, பன்னிரண்டு வீதம் ஈரம் இருக்கிறது. வறுக்கும்போது அதுவும் போகும், வாயுவும் உமியும் சேர்ந்து போகும். இள வறுவலுக்கு நிறை 12 முதல் 15 வீதம் குறையும். கறுப்பு வறுவலுக்கு 18, 20 வீதம் வரை போகும். பொறுக்கித் தள்ளியதையும் மில்லில் ஒட்டியதையும் சேர்த்தால், ஒரு கிலோவில் 800 கிராம் தூள் கைக்கு வந்தால் நல்லது. நூறு ரூபாக் கொட்டை அந்த இடத்திலேயே தூள் கிலோ 125 ரூபா ஆகிவிட்டது. இதற்கு மேல் காஸ் அல்லது விறகு, மில் கூலி, பைக்கட், ஆள் கூலி, உங்கள் இலாபம்.

பெரிய ஆலைக்காரர் மொத்தமாகக் கொட்டையை வாங்குவதால் நம்மைவிடக் குறைந்த விலைக்கு எடுக்கலாம். அது நியாயம். ஆனால் நிறை குறைவதில் பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசம் இல்லை. கொட்டை விலைக்கே ஒருவர் தூள் தருகிறார் என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த இருநூறு கிராம் எங்கிருந்து வந்தது?

வறுத்த சோளத்தில் இருந்து வரலாம். அரிசியில் இருந்தும் கடலையில் இருந்தும் வரலாம். இதை நான் மற்றவர்களைக் குறை கூறச் சொல்லவில்லை. என் சொந்த அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன்.

மாத்தளைக் கடையில் ஒரு நாள்

1998ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கடையை வாப்பாவிடம் இருந்து பொறுப்பெடுத்துச் சில வருடங்கள்தான். ஒரு மொத்த வியாபாரி கோப்பித்தூளை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார். ஐம்பது கிலோ எடுத்தேன். தூளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. விலையைக் கேட்டபோதே மனதில் ஒரு சந்தேகம் எழுந்தது. அவரிடம் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் நன்றாக விற்றது. ஒரு நாள் கிராமத்தில் இருந்து ஒரு சிங்கள ஆச்சியம்மா வந்தார். வாப்பா காலத்தில் இருந்தே எங்களுக்கு மிளகும் கோப்பிக் கொட்டையும் கொண்டுவந்து தருகிறவர். அந்த வருடம் சுகமில்லாமல் இருந்ததால் வீட்டில் வறுக்க முடியாமல் எங்கள் கடையில் தூள் வாங்கியிருந்தார். பைக்கட்டை மேசையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல், "புத்தா, இது கோப்பி இல்லை. நான் கோப்பி மரம் வளர்த்தவள்" என்றார்.

வாப்பா கதிரையில் இருந்து எழும்பி வந்தார். ஒரு கிளாசில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவினார். நல்ல கோப்பித்தூள் எண்ணெய்ப் பசையால் கொஞ்ச நேரம் மிதக்கும். இதில் பெரும் பகுதி உடனே அடிக்குப் போனது. மீதியைக் கொதிக்க வைத்தார். கஞ்சி மாதிரித் தடித்தது. (இந்தத் தண்ணீர்ப் பரிசோதனை ஒரு அடையாளம் மட்டுமே. மிகவும் மெல்லியதாக அரைத்த நல்ல தூளும் சில வேளை இறங்கும். ஆகவே இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.)

ஆச்சியம்மாவுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். மிச்சம் இருந்த தூளை விற்க வாப்பா விடவில்லை. "இவ்வளவும் நட்டம் வாப்பா" என்றேன். "நட்டம் போன வாரமே வந்துவிட்டது மகன். இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது" என்றார். உணவுக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபிகளாரின் (ஸல்) சம்பவத்தை நான் எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் கடையைப் பற்றியது என்று விளங்கியது.

அடுத்த நாள் வாப்பா ஐந்து கிலோ கொட்டையை வீட்டுக்கு அனுப்பினார். உம்மா தாச்சியை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் பலகையில் இருந்துகொண்டார். முதல் தாச்சி கரியானது. இரண்டாவதில் பாதி பச்சை. நான்காவது தாச்சியைத்தான் உம்மா வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தூளில் ஒரு பைக்கட்டை ஆச்சியம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திரும்பவும் கடைக்கு வர மூன்று மாதம் சென்றது. அவரோடு வந்து வாங்கிய அந்தக் கிராமத்து ஆட்களில் சிலர் பிறகு வரவே இல்லை.

சிறிதாகத் தொடங்கலாம்

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது நான் பின் வளவில் விறகு அடுப்பு மூட்டி வறுத்தேன். இறக்குமதிப் போத்தல் கோப்பியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், புதிய வாடிக்கையாளர்கள் உள்ளூர்த் தூளைத் தேடி வந்தார்கள். அவர்களில் பலர் இன்றும் வருகிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் வறுக்காதீர்கள். கொட்டையாக வைத்தால் சில வாரம் வாசனை நிற்கும், தூளாக்கினால் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். ஆகவே தேவைக்கு ஏற்ப இடித்து, நூறு கிராம் பைக்கட்டாகப் போடுங்கள். வறுத்த திகதியைப் பைக்கட்டில் எழுதுங்கள். கொத்தமல்லியோ, இஞ்சியோ, வேறு எதுவோ சேர்த்தால் எவ்வளவு என்று அதையும் எழுதுங்கள். கலவையை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லி விற்றால் அது வியாபாரம்.

அந்த இளம் வியாபாரி ஒரு வாரம் கழித்து வந்தார். கையில் ஒரு ஜாம் போத்தல், ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் 780 கிராம் என்று எழுதியிருந்தது.

"கொஞ்சம் கருகிவிட்டது நானா. மனைவி குசினியை விட்டுத் துரத்தாத குறைதான்" என்றார்.

"அந்த நூறு கிலோ?"

"வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொட்டை எங்கே எடுக்கலாம் என்று கேட்கத்தான் வந்தேன்."

அவருடைய போத்தலில் இருந்தே இரண்டு கோப்பை ஊற்றினோம். கொஞ்சம் கசப்புத்தான். ஆனால் கோப்பி.